பெற்றோல் தாங்கி மூச்சுவிடும் வழி: பழைய பிக்கப்பில் ஆவி மணம் வந்தால்

முதலில் உங்கள் பிக்கப் எதில் ஓடுகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை நாம் காணும் பிக்கப்களில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். சாதாரண வெப்பத்தில் டீசல் மிகக் குறைவாகவே ஆவியாகும். அதனால் இங்கே விளக்கப்போகும் அமைப்பு அவற்றுக்குத் தேவைப்படுவதில்லை. உங்களிடம் இருப்பது பழைய பெற்றோல் ஹைலக்ஸோ பழைய நிசானோ என்றால் தொடர்ந்து வாசியுங்கள். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்ததும் பெற்றோல் மணம் அடிக்கிறதா? எரிபொருள் நிரப்பிய கையோடு எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? தாங்கியின் மூடியைத் திருகும்போது காற்றை உறிஞ்சும் ஓசை பலமாகக் கேட்கிறதா? இவை வெவ்வேறு கோளாறுகள் போலத் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் மூலம் ஒரே அமைப்பில் இருக்கலாம். பெற்றோல் ஆவியை வெளியே விடாமல் பிடித்து, எஞ்சினுக்குள் அனுப்பி எரிக்கும் அமைப்பு அது.

இந்த அமைப்பில் கோளாறு என்று போனால், "அண்ணை, இது தேவையில்லாத சாமான், கழற்றிவிட்டு ஓடுங்கள்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனில் எனக்கு மதிப்பு உண்டு. வீதி பூட்டப்பட்டு, எரிபொருளும் உதிரிப்பாகமும் வராமல் இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிக் காட்டியவர்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஓர் ஆலோசனையை மட்டும் ஏற்காதீர்கள். ஏன் என்பது, அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று தெரிந்தால் விளங்கிவிடும்.

பெற்றோல் ஒரே பொருள் அல்ல. பல ஐதரோகாபன்களின் கலவை. அவற்றுள் மிக இலேசானவை ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் நண்பகல் வெயிலின் அளவே அதுதான். வெயிலில் நிற்கும் இரும்புத் தாங்கியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. பகலில் தாங்கிக்குள் ஆவி பெருகி வெளியே தள்ளும். இரவில் தாங்கி குளிர்ந்ததும் உள்ளே இருப்பது சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். வண்டி ஓடும்போதோ, எஞ்சின் குடித்த பெற்றோலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே பெற்றோல் தாங்கியை ஒருபோதும் முற்றாக அடைத்து வைக்க முடியாது. அது மூச்சுவிட்டே ஆகவேண்டும்.

முற்காலத்து வண்டிகளில் மூடியில் ஒரு சிறு துளை இருந்தது. ஆவி அதன் வழியே நேராக வெளியேறியது. நகரங்களின் காற்றில் கலந்த பெற்றோல் ஆவி சூரிய ஒளியில் ஓசோன் மூட்டத்தை உண்டாக்குகிறது என்று அறிந்தபின், கலிபோர்னியா மாநிலம் 1970ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்தும் அந்தத் துளையைத் தடைசெய்தன. அதன் இடத்தில் வந்ததுதான் கரி நிரப்பிய ஒரு டப்பா. இதைக் கனிஸ்டர் என்று அழைக்கிறோம்.

உள்ளே இருப்பது அடுப்புக்கரி அல்ல. மிகுந்த வெப்பத்தில் நீராவி போன்றவற்றால் பதப்படுத்தி, கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் கோடிக்கணக்கில் திறக்கப்பட்ட கிளர்வூட்டிய காபன். ஒரு கிராமின் உட்பரப்பு பல நூறு சதுர மீற்றர் வரும். நல்ல தரமானது ஆயிரத்தையும் தாண்டும். பெற்றோல் ஆவி அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், வெறும் காற்று வெளியேறிவிடும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இப்படிப்பட்ட காபனைச் செய்து ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. ஆனாலும் பழைய கனிஸ்டரைப் பிளந்து, வீட்டில் எரித்த சிரட்டைக்கரியை உள்ளே போடலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். பதப்படுத்தாத கரி ஆவியைப் போதிய அளவு பிடிக்காது, தூளாகி எஞ்சினுக்குள்ளும் போகும்.

கரி எவ்வளவுதான் பிடிக்கும்? ஓர் அளவுக்குமேல் நிறைந்துவிடும். எனவே எஞ்சின் சூடேறி ஓடும்போது, உள்ளிழுக்கும் குழாயில் உண்டாகும் உறிஞ்சு விசையைக் கொண்டு கனிஸ்டர் காலிசெய்யப்படுகிறது. இதற்கு நடுவில் இருக்கும் கதவுதான் பேர்ஜ் வால்வு. அது திறந்ததும் வெளிக்காற்று கனிஸ்டருக்குள் நுழைந்து, கரியில் ஒட்டியிருக்கும் ஆவியை உரித்துக்கொண்டு எஞ்சினுக்குள் போகிறது. அங்கே அது எரிந்து வண்டியை ஓட்டுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெற்றோல் வீணாகவில்லை.

ஆக மொத்தம் மூன்று வழிகள்: தாங்கியிலிருந்து கனிஸ்டருக்கு ஒன்று, கனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று, வெளிக்காற்றிலிருந்து கனிஸ்டருக்கு ஒன்று. இந்தப் படத்தை ஒரு தாளில் கீறி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, மூடியிருக்கவேண்டிய வழி திறந்து கிடப்பதாலோ திறந்திருக்கவேண்டிய வழி அடைபட்டதாலோ வருபவை. எந்த வழி, எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

தொடங்குவதற்கு முன்

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே பறந்து கலைந்துவிடாமல் நிலத்தோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். பூச்சியத்துக்கு மிகக் கீழான குளிரில்கூட, சுமார் மறை 40 பாகையிலேயே, தீப்பொறி பட்டால் பற்றக்கூடியது. நம் வளவுகளில் வண்டி நிற்பது பெரும்பாலும் கிடுகுக் கொட்டிலில். சில அடி தள்ளிக் குசினி இருக்கும், அங்கே விறகடுப்பு எரியும். பெற்றோல் ஆவியில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். காலையில் அந்த வண்டியின் முன் இருக்கையில்தான் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறோம். வன்னியில் வாகன நெரிசல் இல்லை, காற்று தூய்மையாகத்தானே இருக்கிறது என்று வாதிடுவோருக்கு என் பதில் இந்தக் கொட்டிலும் இந்தப் பிள்ளையும்தான்.

எனவே வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறியபின், பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அருகில் பீடி, சிகரெட் ஆகாது. தாங்கியில் ஓட்டை என்று கண்டால் நேரே வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகவேண்டாம். நிறைந்த தாங்கியைவிடக் காலியான தாங்கியே ஆபத்தானது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கழுவி, ஆவி முற்றாக நீங்கியதை உறுதிசெய்யத் தெரிந்தவர் மட்டுமே அதில் கைவைக்க வேண்டும். தெரியாவிட்டால் வேறு தாங்கி தேடுங்கள்.

இன்னொன்று. திரவமாகப் பெற்றோல் சொட்டினால் அது ஆவிக் கோளாறு அல்ல. அந்த வண்டியை ஓட்டாமல், முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள்.

மூக்கும் கண்ணும் முதலில்

மணம் எங்கே கூடுதலாக இருக்கிறது என்று வண்டியைச் சுற்றி வாருங்கள். பெற்றோல் ஊற்றும் வாயருகே என்றால் மூடியையும், அந்த வாயைத் தாங்கியோடு இணைக்கும் இறப்பர்க் குழாயையும் சந்தேகியுங்கள். பொனற் அருகே என்றால் கனிஸ்டரும் அதன் குழாய்களும். பழைய பிக்கப்களில் கனிஸ்டர் பெரும்பாலும் பொனற்றின் கீழ் ஓர் ஓரத்தில், மூன்று குழாய் முனைகளோடு கறுப்பு டப்பாவாக நிற்கும். பிற்கால வண்டிகளில் அது பின்னால், தாங்கிக்கு அருகே போய்விட்டது.

மூடிதான் மலிவான பொருள், அதிகமாகக் கெடுவதும் அதுவே. உட்புறத்து இறப்பர் வளையத்தை விரலால் தடவுங்கள். வெடித்திருந்தால், தட்டையாகி இறுகியிருந்தால் மாற்றுங்கள். தொலைந்த மூடிக்குப் பதிலாக அளவில் பொருந்திய ஏதோ ஒன்றைப் போட்டிருந்தால் அதில் கவனம் தேவை. பல மூடிகளுக்குள் சிறு பாதுகாப்பு வால்வு உண்டு. வேறு வழி அடைபட்டால், தாங்கி உள்நோக்கி நசுங்காமல் காற்றை உள்ளே விடுவது அதுதான். வால்வு இல்லாத மூடியும் திருகிப் பூட்டும், பூட்டும்போது சரியாகவே தோன்றும். பொலித்தீன் பையைச் சுற்றி மூடியவர்களுக்கும் இதே பதில்தான்: ஒரு நாள் அவசரத்துக்குச் செய்யலாம், மறுநாள் சரியான மூடி வாங்குங்கள்.

அடுத்து குழாய்கள். ஒவ்வொன்றையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போதுதான் வெடிப்பு வாய் திறக்கும். கிளிப் கட்டிய முனைகளில்தான் முதலில் வெடிக்கும். நெல் மூட்டைக்கு அருகே வண்டி நிற்கும் வீடுகளில் எலிப்பல் தடயத்தையும் தேடுங்கள். மாற்றும்போது எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயும் சாதாரண இறப்பர்க் குழாயும் பெற்றோல் ஆவியில் ஊதி, பசையாகிவிடும்.

குளவியும் புழுதியும்

வன்னியில் தனியாகச் சொல்லவேண்டிய பகுதி இதுதான். கனிஸ்டருக்கு வெளிக்காற்றை எடுக்கும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டியது. பழைய வகையில் அது கனிஸ்டரின் அடியில் வெறும் துளையாகவோ கீழ்நோக்கிய குழாயாகவோ இருக்கும். உள்வீதிகளின் கிரவல் புழுதி அங்கே படிந்து, மாரி மழையில் நனைந்து, பின்னர் காய்ந்து கட்டியாகிவிடும். மண்கூடு கட்டும் குளவிக்கும் அப்படி ஒரு குழாய் கிடைத்தால் போதும். சில மாதம் ஓடாமல் நின்ற வண்டி என்றால் இதை நான் முதலாவதாகவே பார்ப்பேன். இதை மிகை என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: 2011இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மஸ்டா 6 கார்களைத் திருப்பி அழைத்தது. காரணம், ஐதரோகாபன் மணத்தை நாடி வரும் ஒருவகை மஞ்சள் சிலந்தி இதே காற்றுக் குழாயில் வலை பின்னி அடைத்ததுதான். அடைபட்டால் தாங்கிக்குள் உறிஞ்சு விசை பெருகி, தாங்கியே வெடிப்பு விடலாம் என்பது அந்த அழைப்பின் அடிப்படை.

அடைப்பை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. வண்டி நன்றாகத்தான் புறப்படுகிறது. சில கிலோமீற்றர் ஓடியதும் எஞ்சின் இழுவை குறைந்து, பெற்றோல் வராததுபோல் விக்கி நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடுகிறது. பம்பும் பில்டரும் மாற்றியும் தீரவில்லை. அடுத்தமுறை நின்றவுடன், எஞ்சினை நிறுத்தி, தாங்கி மூடியை மெல்லத் திறவுங்கள். பலமாகக் காற்று உள்ளே பாய்ந்து, உடனே வண்டி சரியாக ஓடினால், பம்பில் பிழை இல்லை. தாங்கிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. சிறிதளவு உஸ் என்ற ஓசை இயல்பானதே, அதைக் கண்டு கலங்கவேண்டாம்.

காற்று வழியைத் துப்புரவாக்கும்போது கம்பியை ஆழமாகக் குத்தி உள்ளே உள்ள வடியை (பில்டரை) கிழிக்காதீர்கள். துளையின் வாயில் உள்ள மண்ணை மெல்லச் சுரண்டி எடுங்கள். அதன்பின் அந்த முனை நேரே கீழ்நோக்கி, சக்கரம் புழுதி அடிக்கும் திசைக்கு மறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பேர்ஜ் வால்வு

பெற்றோல் நிரப்பியதும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நிரப்பும்போது தாங்கியிலுள்ள ஆவி கனிஸ்டரை நோக்கித் தள்ளப்படுகிறது. வால்வு மூடாமல் திறந்தே இறுகியிருந்தால், அந்த ஆவி முழுவதும் நேரே எஞ்சினுக்குள் போய், காற்றோடு சேரும் கலவையில் பெற்றோலின் பங்கைக் கூட்டித் தடிப்பாக்கிவிடும். நிறுத்தி வைத்து ஓடவிடும்போது எஞ்சின் நடுங்குவதும் இதனால் வரலாம். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் கூடிக் காட்டினால், காபரேற்றரைக் கழற்றுவதற்கு முன் இந்த வால்வை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மின்சாரத்தில் இயங்கும் வால்வு என்றால் சோதனை சுலபம். கழற்றிய வால்வில் பெற்றோல் ஈரம் இல்லாத முனையொன்றில் சுத்தமான குழாயைச் செருகி ஊதுங்கள், வாயால் உறிஞ்சவே கூடாது. மின்சாரம் இல்லாதபோது பெரும்பாலான வால்வுகள் மூடியிருக்கும், காற்று போகக்கூடாது. 12 வோல்ற் கொடுத்ததும் டிக் என்ற ஒலியோடு திறந்து காற்று போகவேண்டும். இந்த மின்சோதனையை வண்டியிலிருந்தும் பெற்றோலிலிருந்தும் தள்ளி வைத்துச் செய்யுங்கள், இணைக்கும்போது பொறி பறக்கும். காற்றோடு கரித்தூள் வெளிவந்தால், வால்வை மட்டும் மாற்றிப் பயனில்லை. கனிஸ்டர் உள்ளே உடைந்து கரியைத் துப்புகிறது. புது வால்வும் அதே கரியால் கெடும்.

காபரேற்றர் காலத்து வண்டிகளில் மின்வால்வுக்குப் பதிலாக, எஞ்சின் நீரின் சூட்டை உணர்ந்து திறக்கும் ஒரு சிறிய வால்வு நீர் வழியில் திருகப்பட்டிருக்கும். ஆறிய எஞ்சினில் அதன் வழியே காற்று போகாது, சூடேறியபின் போகும். மாறாக நடந்தால் அது பழுது.

கனிஸ்டர்

கனிஸ்டரைக் கொல்வது முதுமை மட்டுமல்ல, நமது பழக்கமும்தான். பெற்றோல் செட்டில் குழாய் தானே நின்றபின்னும், கழுத்து வரை நிரப்பித் தரும்படி கேட்பவர்கள் பலர். 2022இல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவத்துக்குப்பின் அந்த ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் கழுத்து வரை நிறைந்தால் ஆவி போகவேண்டிய குழாயில் திரவம் போகும். கரி ஆவியைப் பிடிப்பதற்கு உரியது, திரவத்தில் ஊறினால் திணறிவிடும். குழாய் நின்றதோடு நிறுத்துங்கள்.

கனிஸ்டரைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே திரவம் அலம்பினால், கையில் வழமைக்கு மீறிப் பாரமாக இருந்தால், பெற்றோல் குடித்திருக்கிறது. பழைய டொயோட்டா கையேடுகள் சொல்லும் முறை இது: தாங்கிக்குப் போகும் முனையில் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் மற்ற முனைகளால் தடையின்றி வரவேண்டும், அடைத்திருந்தால், எஞ்சினுக்குப் போகும் முனையை விரலால் மூடிக்கொண்டு, தாங்கி முனையில் சதுர சென்ரிமீற்றருக்கு 3 கிலோகிராம் அழுத்தத்தில் காற்றடித்துத் துப்புரவாக்கலாம், கரி வெளியே வரக்கூடாது, தண்ணீரில் கழுவவே கூடாது. இந்த அழுத்தம் கழற்றிய கனிஸ்டருக்கு மட்டுமே. தாங்கியோடு இணைந்த குழாயில் கொம்பிரசர் காற்றை அடித்தால் தாங்கி பிளந்துவிடும். கசிவு தேடப் புகையேற்றும் கருவிகூட, சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தலுக்கும் குறைந்த அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது.

அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்ட 1996க்குப் பிந்திய வண்டிகள் இந்த அமைப்பைத் தாமே சோதித்து, மஞ்சள் எஞ்சின் விளக்கை எரியவைக்கும். வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி காட்டும் கோளாற்றுக் குறியீடு பி0455 என்றால் பெரிய கசிவு, பி0442 என்றால் சிறியது, பி0441 என்றால் பேர்ஜ் ஓட்டத்தில் பிழை. நமக்கு யப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் பலவற்றுக்குக் கசிவை உணரும் வசதியே இல்லை. ஆகையால் விளக்கு எரியவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுக்கமுடியாது.

வெட்டியவர்களுக்கு

உங்களுக்குமுன் வண்டியை வைத்திருந்தவர் கனிஸ்டரை ஏற்கெனவே கழற்றியிருக்கலாம். குழாய் முனைகள் என்ன ஆயின என்று தேடுங்கள். தாங்கிக் குழாயைத் திறந்தே விட்டிருந்தால் ஆவி இரவு பகலாகக் கொட்டிலுக்குள் வருகிறது. ஆணியோ போல்ட்டோ அடித்து அடைத்திருந்தால் தாங்கிக்கு மூச்சு இல்லை. எஞ்சின் பக்கத்துக் குழாயைத் திறந்து விட்டிருந்தால் புழுதிக் காற்று, காற்று வடியின் வழியே வராமல் நேரே எஞ்சினுக்குள் போகிறது. புகைப் பரிசோதனை சைலன்சர் வாயில் வருவதை மட்டுமே அளக்கிறது. எனவே கனிஸ்டர் இல்லாத வண்டியும் சான்றிதழ் பெற்றுவிடும். அந்தத் தாளைக் காட்டி எல்லாம் சரி என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

மாற்று கனிஸ்டருக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் சொல்லி வைக்கலாம். உங்கள் மாதிரிக்கே உரியது கிடைக்காவிட்டால், அதே அளவு எஞ்சினும் தாங்கியும் உள்ள வேறொரு பெற்றோல் வண்டியினதைப் பொருத்த முடியும். டப்பா பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது, முனைகளின் எண்ணிக்கையும் குழாய்களின் தடிப்பும் ஒத்துப்போக வேண்டும். வாங்குமுன் குலுக்கிப் பாருங்கள், ஊதிப் பாருங்கள். கரித்தூள் வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வண்டியில் இருப்பதைக் கழற்றுமுன், தாங்கிக்குப் போகும் குழாய்க்கு ஒரு நிறத்திலும் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்கு வேறு நிறத்திலும் துணி கட்டிவிடுங்கள். இரண்டையும் மாற்றிச் செருகினால் புதுக் கனிஸ்டரும் வேலை செய்யாது.